மேட்டு ஓடையின் சிவப்பு

தண்ணீருக்குள் வளர்க்கச் சிவப்புச் செடி தேடுகிறவர்கள் இலையின் மேற்புறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. புரட்டி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். மேலே சிவந்து கீழே பச்சையாக இருந்தால் அதை விட்டுவிடலாம். இரண்டு பக்கமும் சிவந்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது, இன்டர்பிரிட்டர் ஐயா. அதுவும் தப்பு என்று போன வாரம்தான் தெரிந்தது.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். வைக்க வேண்டாம். கோர்ட்டு துரைக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கும்போது செடி விஷயத்தை விட்டுவிடலாம் என்று தோன்றும். அதையும் எழுதுங்கள். அதை விட்டால் மற்றது எதுவும் புரியாது.

இந்த வழக்குக்கு உங்கள் கையில் ஏற்கனவே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது. ஐந்து வாரத்துக்கு முன் சின்னையா சொன்னதை நீங்கள்தான் மொழிபெயர்த்தீர்கள். லாலான் களைப்புல்லுக்கு அடிக்கிற மருந்து டின்னை ஓடைக்கரையில் மறந்து வைத்துவிட்டேன், அது ஓடையில் கவிழ்ந்து மூன்று பேர் செத்தார்கள், அதில் ஒன்று என் மகள் என்று அவன் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று நம்புகிறான். ஆனால் அப்படி நடக்கவில்லை.

என் பெயர் வாலண்டைன். மேரு பக்கம் கார்ஸ்டன் ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிராணி, கணக்கு எழுதுகிறவன். காலை பஸ்ஸில் கிள்ளான் கோர்ட்டுக்கு வந்தேன், யாரும் என்னைப் பிடித்து இழுத்து வரவில்லை. வருகிற புதன்கிழமை சின்னையாவுக்குத் தீர்ப்பு. அதற்குள் தன் பிள்ளையைத் தான் கொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். வேறு எதற்காகவும் நான் வரவில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஓடைத் தண்ணீரை ஜனங்கள் குடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எழுதிவிட்டீர்களா? சரி.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். அப்பா சிக்னல் வேலை பார்த்தார். படிப்பில் நான் சுமார், கையெழுத்தில் மட்டும் கெட்டிக்காரன். பள்ளிக்கூடத்தில் பிரதர் என் நோட்டைத்தான் தூக்கிக் காட்டுவார். அந்தக் கையெழுத்துதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. தோட்டத்தில் மனு, கடிதம், அறிவிப்பு எது என்றாலும் என்னிடம்தான் வரும். பெரிய கிராணி ராதாகிருஷ்ணன் என்னைவிடச் சம்பளம் கூட வாங்குகிறவர். அவர் எழுத்தோ கோழி கிளறிய மாதிரி இருக்கும். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கை என்னவெல்லாம் எழுதியது என்று பின்னால் சொல்லப்போகிறேன், அதற்காகத்தான்.

எங்கள் தோட்டத்து துரை பங்களா வராந்தாவில் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. துரையின் மனைவி, மெம், அதைச் சிங்கப்பூரிலிருந்து தருவித்தார். இரும்புச் சட்டம் போட்டு, ஆள் படுக்கிற நீளத்தில் பாதி இருக்கும். அடியில் மணல், உள்ளே சின்னச் சின்ன வெள்ளி மீன்கள். செடிகள் எல்லாம் பச்சை. நடுவில் சிவப்பாக ஒன்று இருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்று மெம் ஒரு நாள் எங்கள் இரண்டு பேரிடமும் மலாயில் சொன்னார். ராதாகிருஷ்ணன் வாயைத் திறக்குமுன் நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மேருவில் சீனக் காய்கறித் தோட்டத்தில் செங்கீரை வாங்கினேன். வேரைக் கழுவி மணலில் நட்டேன். நீங்கள் சிரிக்கலாம், ஐயா. தண்ணீரில் முளைக்கிறது வேறு, தண்ணீர் ஊற்ற முளைக்கிறது வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது. முதல் வாரம் தொட்டி கல்யாண வீடு போல இருந்தது. இரண்டாம் வாரம் தண்டு குழைந்தது. மூன்றாம் வாரம் சனிக்கிழமை, பக்கத்துத் தோட்டத்து துரைமார்கள் தேநீருக்கு வந்திருந்த நேரம், தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராகி நாற்றமெடுத்தது. மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

ராதாகிருஷ்ணன் எட்டிப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இத்து பாயாம், மெம்," என்றார். அது கீரை என்று. துரைமார்கள் சிரித்தார்கள். மெம்மும் சிரித்தார், கெட்ட மனசோடு அல்ல. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, செத்த மீன்களைச் சல்லடையால் அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "கீரைக் கிராணி வந்தாச்சு லா." அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகள் என் சைக்கிளைக் கண்டால் "கீரை, கீரை" என்று விற்கிறவன் மாதிரிக் கூவினார்கள். என் மனைவி பெர்னடெட் கோயில் வாசலில் இதைக் கேட்டுவிட்டு வந்து, "விடுங்க, நாலு நாள் சொல்லிட்டு மறந்துடுவாங்க," என்றாள். அவள் சொன்னது சரிதான். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பான். எனக்கு அது முடியவில்லை. வெட்கம் என்றால் அதுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

இரண்டு வருஷம் வாய்க்கால் வாய்க்காலாகப் பார்த்தேன். வீட்டு ஜன்னலில் ஊறுகாய் ஜாடிகளை வரிசையாக வைத்து ஒவ்வொரு செடியாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று கற்றுக்கொண்டேன். செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்தால், நிலத்துச் செடி விறைப்பாக நிற்கும். தண்ணீர்ச் செடியால் தன் உடம்பைத் தாங்க முடியாது, ஈரத் துணி மாதிரித் துவண்டுவிடும். அப்படித் துவண்டது எதுவும் சிவப்பாக இல்லை.

சின்னையா லாலான் கேங்கில் மருந்து அடிக்கிறவன். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடப்பான். என்னைவிட நாலு வயது மூத்தவன். நான் அவனை அவன் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். கிராணி என்றால் அப்படித்தான். அந்தத் தோட்டத்தில் என்னைக் கேலி செய்யாத ஆண்பிள்ளை அவன் ஒருவன்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் ஸ்டோர் வாசலில் வந்து நின்றான். "ஐயா, மேட்டு ஓடையில ஒண்ணு பாத்தேன். தண்ணிக்குள்ளயே செகப்பா இருக்கு."

அவன் முகத்தைப் பார்த்தேன், கிண்டலா என்று. அவனுக்கு அது புரிந்துவிட்டது. "கீரை இல்லீங்க ஐயா," என்றான் மெதுவாக.

மறுநாள் கூட்டிக்கொண்டு போனான். பழைய பால்மரங்களை வெட்டிச் சாய்த்திருந்த மேட்டில் அந்த ஓடை. நிழல் கிடையாது. வெயில் தண்ணீரின் அடிவரை இறங்கியது. அடியில் செம்மண். அந்தச் செம்மண்ணில் காலடி அகலத்துக்கு ஒரு திட்டு, அப்படிப் பத்துப் பன்னிரண்டு திட்டு. சின்ன இலைகள், இரண்டு பக்கமும் சிவப்பு. தூக்கிப் பிடித்தேன். துவண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. இதைச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவன் மகள் புஷ்பவல்லியும் கூட வந்திருந்தாள். எட்டு வயது. கரையில் குந்தி ஒரு தண்டைப் பறித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க லயத்துக்குப் பின்னாடி சாக்கடையிலயும் இருக்கு. அங்க பச்சையா இருக்கும்," என்றாள்.

"அது வேற செடி," என்றேன் நான்.

"ஒரே செடிதான்."

"புள்ள, ஐயா சொல்றாருல்ல," என்றான் சின்னையா. அவள் தண்டைக் கீழே போடாமல் பாவாடையில் முடிந்துகொண்டாள்.

இருபது தண்டு கொண்டுபோய் மெம்மின் தொட்டியில் நட்டேன். மெம் வராந்தாவில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "பாகுஸ், கிராணி," என்றார். நல்லது என்று அர்த்தம். ஆகஸ்ட் மாதம் கோலாலம்பூரில் மலர்க் கண்காட்சி நடக்கும், அதில் கண்ணாடித் தொட்டிக்கும் பரிசு உண்டு, அதற்கு இதை அனுப்பலாம் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது என் கால் தரையில் படவில்லை. பிரட்டுக்களத்தில் யாரும் கீரை என்று சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சின்னையா வந்து ஒரு தகவல் சொன்னான். பெரிய கிராணியும் ஒரு தொட்டி வாங்கியிருக்கிறாராம், கண்காட்சிக்கு அவரும் வைக்கப் போகிறாராம். அந்தச் செகப்புச் செடி கொஞ்சம் அவருக்கும் வேண்டுமாம். "திங்கக்கிழமை பறிச்சிக் கொடுக்கட்டுங்களா? நெறையத்தான கெடக்கு," என்று கேட்டான். அவன் மறைத்துச் செய்திருக்கலாம். என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வந்தான்.

"தாராளமா," என்றேன்.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை பெர்னடெட் கிள்ளானுக்குப் பூசைக்குப் புறப்பட்டாள். நான் தலைவலி என்று சொன்னேன். அவள் போனதும் ஸ்டோரைத் திறந்தேன். சாவி எப்போதும் என்னிடம்தான். கதவோரமாக இருந்த மருந்து டின் ஒன்றை எடுத்தேன். அதில் வெள்ளைப் பட்டை அடித்திருந்தது, சின்னையாவின் கேங் அடையாளம். சனிக்கிழமை சாயங்காலம் அவன் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்த டின். அதை என் கையால்தான் வாங்கி வைத்தேன். பெரிய பீப்பாயிலிருந்து அதை நிரப்பினேன். ஸ்பிரே செய்கிறவர்கள் ஒரு குவளை மருந்துக்குப் பல வாளி தண்ணீர் கலப்பார்கள். நான் தண்ணீர் கலக்கவில்லை.

சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனேன். வறட்சிக் காலம், மழை இல்லாமல் ஓடை மெலிந்து, தண்ணீர் நகர்வதே தெரியவில்லை. செடித் திட்டுகளுக்கு மேல்பக்கமாகப் போய் நின்று, எல்லாத் திட்டுக்கும் சமமாகப் போகிற மாதிரி மெதுவாக ஊற்றினேன். எதையும் அரைகுறையாகச் செய்கிற வழக்கம் எனக்கில்லை. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தண்ணீர் அப்படியே இருந்தது. விறகு வெட்டுகிற சத்தம் கேட்டதால் டின்னைப் புதருக்குள் தள்ளிவிட்டு வந்தேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். பெர்னடெட் வந்ததும் இரண்டு பேரும் மீன் குழம்பு சாப்பிட்டோம்.

அன்றைக்கு நான் நினைத்ததெல்லாம் இவ்வளவுதான். செடி செத்துப்போகும். ராதாகிருஷ்ணனுக்குக் கிடைக்காது. கோலாலம்பூரில் சிவப்பு என் தொட்டியில் மட்டும் இருக்கும்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கீழ் லயத்திலிருந்து டிரஸ்ஸர் ஜெயராஜ் ஓடிவந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிறவர், நல்ல மனிதர். ஆறு பேருக்கு வாந்தியும் பேதியும் என்றார். "காலரா மாதிரித்தான் தெரியுது. கொதிக்க வெச்ச தண்ணியத்தான் குடிக்கணும்னு எல்லா லயத்துலயும் எழுதி ஒட்டுங்க, சீக்கிரம்."

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, ஐயா. டிரஸ்ஸர் வாய் மூடுமுன் தெரிந்துவிட்டது.

காகிதத்தை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினேன். "ஓடைத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கவும். நோயாளிகளுக்கு அடிக்கடி கொடுக்கவும்." ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. ஸ்டோரில் அந்த மருந்துப் பீப்பாயோடு ஒன்பது வருஷம் இருந்தவன் நான். அதன்மேல் இங்கிலீஷில் ஒட்டியிருந்ததை முழுதாகப் படித்திருந்தவன் தோட்டத்தில் நான் ஒருவன்தான். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் குறையும், மருந்து குறையாது என்பது எனக்குத் தெரியும்.

சின்னையாவின் மனைவி வீரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கேங்கை மேய்க்கிற மண்டோர் படித்துச் சொல்லியிருக்கிறார். அவள் அடுப்பை அணைக்கவே இல்லையாம். கொதிக்க வைத்து, ஆற்றி, பிள்ளைக்குக் குவளை குவளையாகக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை வேண்டாம் என்று தலையை ஆட்டியபோதெல்லாம், "எழுதிப் போட்டிருக்காங்கடி, குடி," என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணியிலிருந்து செவ்வாய்க்கிழமை மத்தியானம்வரை நேரம் இருந்தது. கீழ் லயத்தை நாலு தடவை கடந்து போனேன். ஒரு தடவை சைக்கிளை விட்டு இறங்கினேன். "தண்ணியக் கொடுக்காதீங்க" என்று இரண்டே வார்த்தை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். திரும்ப ஏறிவிட்டேன்.

பால்வெட்டுக்குப் போகிற நல்லம்மாள் திங்கட்கிழமை சாயங்காலம் போனாள். வயசான வேலாயுதம் செவ்வாய்க்கிழமை காலை. மத்தியானம் புஷ்பவல்லி. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே உப்பைத் தின்றவன் நான், தண்ணீர் குடித்தது அந்தப் பிள்ளை.

புதன்கிழமை ஓடையில் தண்ணீர் குடித்த ஆடு ஒன்று செத்தது. கிள்ளானிலிருந்து வந்த கவர்ன்மெண்டு டாக்டர், இது காலரா இல்லை என்றார். பிறகு போலீஸ் வந்தது, புதரில் டின் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஸ்டோர் வாசலில் நிறுத்தி, இது யாருடைய டின் என்று கேட்டார். சின்னையாவுடையது, சனிக்கிழமை எடுத்துப் போனான், திருப்பித் தரவில்லை என்றேன்.

சின்னையா பிள்ளையைப் புதைத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்தான். என்னைக் கோபத்தோடு பார்த்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் குழம்பிப்போய்ப் பார்த்தான்.

"ஐயா, நான் திருப்பிக் கொடுக்கலீங்களா?"

"இல்ல சின்னையா."

அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். யோசித்துப் பார்த்தான். நான் அதைக் கண்ணால் கண்டேன், ஐயா, அவன் ஞாபகத்தில் இருந்ததை அவனே அழித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருஷமாக அவன் வேலைக்கு வந்தான், வரவில்லை என்பதை எழுதுகிறவன் நான். நான் எழுதியதுதான் அவனுக்கு நடந்தது. "சரிங்க," என்றான். "அப்ப நான்தான் மறந்துட்டேன்." பிறகு ஓங்கி நெற்றியில் அடித்துக்கொண்டான், மறுபடியும் மறுபடியும், நாலு பேர் பிடிக்கிறவரைக்கும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதற்குப் பிறகு ஐந்து வாரம் நான் வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கும் போனேன். பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் போகவில்லை.

இதற்கிடையில் தொட்டியில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மெம்மின் தொட்டியில் இருந்த இருபது தண்டும் நுனியிலிருந்து பச்சையாக ஆரம்பித்தன. முதலில் கொழுந்து, பிறகு அடுத்த இலை. வராந்தா நிழல்தான் காரணமா, மணல்தான் காரணமா என்று எனக்கு விளங்கவில்லை. செம்மண் போட்டுப் பார்த்தேன். கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது முக்கால்வாசி பச்சை. மேட்டு ஓடையில் போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. கறுத்த சேறுதான் இருந்தது.

போன வாரம் திங்கட்கிழமை வீரம்மா என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டின்னைத் துணியால் மூடிப் பிடித்திருந்தாள்.

"ஐயா, கோர்ட்டுக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கணும். அவரு வேணும்னு செய்யல, மறதியில நடந்துபோச்சு, அத எழுதுங்க. உங்க எழுத்தப் பாத்தா தொர எரக்கப்படுவாருன்னு எல்லாரும் சொல்றாங்க."

எழுதினேன். மூன்று பக்கம். அவன் எவ்வளவு நேர்மையானவன், பிள்ளைமேல் எவ்வளவு உயிர் என்றெல்லாம் எழுதினேன். மறதி என்ற வார்த்தை நாலு இடத்தில் வந்தது. படித்துக் காட்டும்போது அவள் அழுதாள். பெர்னடெட்டும் அழுதாள். எனக்கும் கண்ணீர் வந்தது, அது பொய்க் கண்ணீர் இல்லை. அவள் கைநாட்டு வைத்தாள். அந்த மனு இப்போது உங்கள் காகிதக் கட்டுக்குள்தான் இருக்கிறது, பாருங்கள், நீல மை.

பிறகு அவள் பிஸ்கட் டின்னை என் முன்னால் வைத்துத் துணியை எடுத்தாள். விளிம்புவரை தண்ணீர். அடியில் செம்மண். தண்ணீருக்குள் அந்தச் செடி, ஓடையில் பார்த்ததைவிடச் சிவப்பாக.

"எம் புள்ள வெச்சது. லயத்துப் பின்னாடி சாக்கடையில இருந்து பச்சைய எடுத்தாந்து, இதுல வெச்சு, கூரை மேல வெயில்ல வெச்சா. 'ஐயா வேற செடின்னாரு, ஒரே செடிதான், செவந்ததும் கொண்டுபோய்க் காட்டுறேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தா. அப்புறம் அதப் பாக்க ஆளில்ல. நான்தான் தண்ணி ஊத்துனேன். நீங்க இந்தச் செடிதான தேடுவீங்க? வெச்சுக்குங்க ஐயா. மனுவுக்குக் கொடுக்க எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

அவள் போனபிறகு சாக்கடைக்குப் போய்ப் பார்த்தேன். முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது, பச்சையாக. என் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலிலும் கிடந்தது. ஒரே செடிதான். வெயிலும் செம்மண்ணும் கிடைத்தால் சிவக்கும், இல்லாவிட்டால் பச்சை. மேட்டு ஓடையை அழித்து நான் காப்பாற்றிய சிவப்பை ராதாகிருஷ்ணன் எந்தச் சாக்கடையிலும் எடுத்துக்கொண்டிருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை என் முகத்துக்கு நேராகச் சொன்னது. நான் கேட்கவில்லை.

அன்றைக்கே புறப்பட்டு வந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் வரவில்லை. கண்காட்சி சனிக்கிழமை.

பிஸ்கட் டின்னிலிருந்த பதினோரு தண்டையும் பிடுங்கி, வேரைக் கழுவி, மெம்மின் தொட்டியில் முன்வரிசையில் நட்டேன். லோரியில் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோலாலம்பூர்வரை போனேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. ராதாகிருஷ்ணன் தொட்டியில் எல்லாம் பச்சைதான். அவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நெசமாவே செகப்பு லா, வாலண்டைன்," என்றார். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் செய்ததிலெல்லாம் இதைத்தான் வெளியே சொல்ல முடியவில்லை. பெர்னடெட்டிடம் மற்ற எல்லாவற்றையும் நேற்று சொன்னேன், இதைச் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இன்று திங்கட்கிழமை. வந்துவிட்டேன்.

சின்னையாவிடம் நீங்கள் தமிழிலேயே சொல்லுங்கள், ஐயா. துரை தீர்ப்புச் சொல்கிறவரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே புடு ஜெயிலுக்குச் சொல்லி அனுப்புங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நீ டின்னைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாய், கிராணி வாங்கி வைத்தான், உன் ஞாபகம்தான் சரி என்று சொல்லுங்கள். அவன் நம்பமாட்டான். என் கையெழுத்தில் எழுதித் தருகிறேன். அதைக் காட்டினால் நம்புவான்.

மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டதா? கையெழுத்துப் போடுமுன் முதல் பக்கத்தை ஒரு தடவை படித்துக் காட்டுங்கள்.

ஆமாம். அந்த வரிதான். ஓடைத் தண்ணீரை ஜனங்கள் குடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்ற வரி. ஐந்து வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதைத்தான் வந்ததும் வராததுமாக உங்களை எழுதச் சொல்லியிருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள்.

தோட்டத்து ஆபீசில் துரையின் காகிதக் கட்டுக்குள் மேலிருந்து மூன்றாவதாக ஒரு கடிதம் இருக்கும். கீழ் லயத்துக் கிணறு வற்றிவிட்டது, ஜனங்கள் மேட்டு ஓடையிலிருந்து குடிதண்ணீர் எடுக்கிறார்கள், வேறு கிணறு வெட்ட வேண்டும் என்று இருக்கும். எந்தெந்த வீடு, எத்தனை பேர் என்று துரை கேட்டதால் அதையும் கீழே வரிசையாக எழுதியிருக்கும். ஏழாவது வரி, சின்னையா, மூன்று பேர், ஓடைத் தண்ணீர். வெள்ளிக்கிழமை காலையில் அதை எழுதியது நான். அன்று மத்தியானம்தான் சின்னையா ஸ்டோருக்கு வந்து, செடி பறிக்கட்டுமா என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை டின்னைச் சாய்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஏழாவது வரி எனக்கு ஞாபகம் வந்தது. பாதியில் நிறுத்தி, டின்னை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பாதி மருந்துக்குச் செடி சாகாமல் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றியது. மீதியையும் ஊற்றினேன்.